ரவுட்டிங் அடிப்படைகள்: புதிதாகக் கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள், ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ், ஹோம்ஸ்டே என்று கேபிளும் கேமராவும் மாட்டிக்கொண்டிருப்பவர்கள், நெட்வொர்க் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியும் ரவுட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரண நெட்வொர்க்கை வைத்துக்கொள்வோம். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஓர் ஆபீஸ், அதன் நெட்வொர்க் 192.168.10.0/24. அதே முதலாளியின் காபி எஸ்டேட் ஆபீஸ் ஏற்காட்டில், நாகலூர் பக்கம், அங்கே 192.168.20.0/24. இரண்டு ஆபீசிலும் ஒவ்வொரு ரவுட்டர். உள்பக்க முகவரிகள் 192.168.10.1, 192.168.20.1. இரண்டு ரவுட்டரையும் இணைக்கும் லிங்க் 10.0.0.0/30, அதில் சேலம் முனை 10.0.0.1, ஏற்காடு முனை 10.0.0.2. இதைத் தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்; /24, /30 என்றால் என்ன என்பது கீழே வரும்.

ரவுட்டிங் என்றால் என்னதான்?

ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குப் பாக்கெட்டை (தகவலின் ஒரு சிறு துண்டை) அனுப்பும்போது, அடுத்து யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் ரவுட்டிங். 'அடுத்து' என்பதை அழுத்திச் சொல்கிறேன். முழுப் பாதையும் பாக்கெட்டுக்குத் தெரியாது. அதைத் தூக்கிவிடும் ரவுட்டர் தன் டேபிளைப் பார்த்து அடுத்த ஆளை மட்டும் தேர்ந்தெடுக்கும்.

அஸ்தம்பட்டியில் நின்று ஏற்காட்டுக்கு வழி கேட்டால் "நேரா அடிவாரம் போங்க" என்பார்கள். அங்கிருந்து மேலே எப்படி என்பதை அடிவாரத்தில் இருப்பவர்தான் சொல்வார். மழையில் மண் சரிந்து கொண்டை ஊசி வளைவு ஒன்று அடைபட்டிருந்தால், அவர் உங்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார். அஸ்தம்பட்டியில் வழி சொன்னவருக்கு அந்தச் சேதியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரவுட்டர்களும் இப்படித்தான்: அவரவர் எல்லையில் அவரவர் முடிவு.

வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டியும் ரவுட்டர்தானே?

ஆமாம், ஆனால் அதற்குள் நாலைந்து வேலைகள் சேர்ந்திருக்கின்றன. நாலு போர்ட் சுவிட்ச், வைஃபை, முகவரி கொடுக்கும் டிஎச்சிபி, உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் நேட், இவற்றோடு கொஞ்சம் ரவுட்டிங். சுவிட்ச் ஒரே நெட்வொர்க்குக்குள் மேக் முகவரி (கருவியோடு வரும் ஹார்டுவேர் எண்) பார்த்து அனுப்பும். ரவுட்டர் நெட்வொர்க்குகளுக்கு இடையே ஐபி முகவரி பார்த்து அனுப்பும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

எதிரில் இருக்கும் கணினி தன் நெட்வொர்க்கா, வெளி நெட்வொர்க்கா என்று என் கணினிக்கு எப்படித் தெரிகிறது?

சப்நெட் மாஸ்க் வைத்துத்தான். சேலத்தில் 192.168.10.5 என்ற கணினி இருக்கிறது, மாஸ்க் /24. அதாவது முதல் 24 பிட், முதல் மூன்று எண்கள், நெட்வொர்க்கைக் குறிக்கும். அது 192.168.10.9-க்கு அனுப்ப நினைத்தால் முதல் மூன்று எண்களும் ஒத்துப்போகின்றன. உடனே "10.9 யாருப்பா, உன் மேக் முகவரி என்ன?" என்று ஏஆர்பி மூலம் எல்லோரையும் கேட்டு, நேராக அனுப்பிவிடும். ரவுட்டருக்கு அங்கே வேலையே இல்லை.

ஏற்காட்டில் இருக்கும் 192.168.20.7-க்கு அனுப்பினால் மூன்றாவது எண் ஒத்துப்போகாது. அப்போது கணினி டிஃபால்ட் கேட்வேயின், அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டர் 192.168.10.1-இன் மேக் முகவரியைக் கேட்டு, அதன் கையில் பாக்கெட்டைக் கொடுக்கும்.

இங்கே நிறைய பேர் குழம்புகிறார்கள். அந்தப் பாக்கெட்டில் சேருமிடம் என்று எழுதியிருக்கும் ஐபி 192.168.20.7-தான், கேட்வேயின் ஐபி அதில் எங்கும் இருக்காது. மேக் முகவரி மட்டும் கேட்வேயுடையது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் மேக் முகவரிகள் மாறிக்கொண்டே போகும். நடுவில் நேட் இல்லாவிட்டால் ஐபி முகவரிகள் கடைசிவரை மாறாது. ஒயர்ஷார்க் (பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) போட்டு இதை நீங்களே பார்த்துவிடுங்கள், அப்புறம் மறக்காது.

பைனரி கணக்கு எனக்கு வராது. இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியாது. ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற எட்டு எண்கள் மனப்பாடமாக இருந்தால் போதும்.

192.168.10.0/26 என்று எடுத்துக்கொள்வோம். ஐபி முகவரியில் மொத்தம் 32 பிட். 26 போனால் மிச்சம் 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஆகவே நெட்வொர்க்குகள் 64, 64 ஆகப் பிரியும்: 0, 64, 128, 192. சரி, 192.168.10.130 எதில் வரும்? 128-இல் தொடங்குவதில். அதில் 128 நெட்வொர்க்கின் பெயர், 191 பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி). கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 129 முதல் 190 வரை, மொத்தம் 62. நம் உதாரணத்தில் இடையே உள்ள லிங்க்குக்கு /30 போட்டதும் இதே கணக்குதான்: நாலு முகவரி, அதில் இரண்டு உபயோகமாகும், இரண்டு முனைக்கு அதுவே போதும்.

தினமும் ஐந்து கணக்கு போட்டு வந்தால் கை தானாகப் பழகிவிடும். ஆன்லைன் கால்குலேட்டரை முதல் மாதத்தில் தொடாதீர்கள்.

ரவுட்டிங் டேபிளை எப்படி வாசிப்பது?

விண்டோஸில் 'ரூட் பிரிண்ட்', லினக்ஸில் 'ஐபி ரூட்', சிஸ்கோ கம்பெனியின் ரவுட்டரில் 'ஷோ ஐபி ரூட்'. உங்கள் லேப்டாப்பிலேயே டேபிள் இருக்கிறது. ரவுட்டர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு வரியும் இரண்டே விஷயம்தான் சொல்கிறது: இந்த நெட்வொர்க்குக்குப் போக வேண்டுமா, இந்த வழியாகப் போ. சேலம் ரவுட்டரில் 192.168.10.0/24, 10.0.0.0/30 இரண்டும் நேரடி இணைப்பு என்று தானாகவே வந்திருக்கும். ஏற்காட்டு நெட்வொர்க் அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்: 'ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 10.0.0.2'. இருபதாம் நெட்வொர்க்குக்குப் போகிறவர்களை 10.0.0.2 கையில் கொடு என்று பொருள். 0.0.0.0/0 என்று ஒரு வரி இருந்தால் அது டிஃபால்ட் ரூட், வேறு எந்த வரியும் பொருந்தாதபோது எடுத்துக்கொள்வது.

ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால்?

நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண், வெல்லும். /16-உம் /24-உம் பொருந்தினால் /24. வரிசையில் எது மேலே இருக்கிறது என்பது கணக்கே இல்லை.

சிறிய விதி என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2008 பிப்ரவரி 24 அன்று இந்த விதியால் யூடியூப் உலகின் பல பகுதிகளில் முடங்கியது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டைப் போட்டது. அது வெளியே கசிந்து மற்ற நாட்டு ரவுட்டர்களுக்கும் போய்விட்டது. யூடியூப் அறிவித்திருந்ததோ 208.65.152.0/22. 24 பெரியது, 22 சின்னது. உலகத்து ரவுட்டர்கள் விதிப்படி பாகிஸ்தானை நோக்கி அனுப்பின. யூடியூப் என்ன செய்தது தெரியுமா? அதே /24-ஐத் தானும் அறிவித்து, அப்புறம் அதை இரண்டு /25 ஆகப் பிரித்தும் அறிவித்தது. விழுந்ததும் எழுந்ததும் ஒரே விதியால்.

ரூட் போட்டுவிட்டேன், ஆனாலும் பிங் போகவில்லை. ஏன்?

பிங் என்பது எதிரில் இருக்கும் கணினியிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றே: போகும் வழியைப் போட்டிருப்பார்கள், திரும்பி வரும் வழியைப் போட்டிருக்க மாட்டார்கள்.

சேலம் ரவுட்டரில் மட்டும் ரூட் போட்டாயிற்று. 192.168.10.5-இலிருந்து 192.168.20.7-க்கு பிங் அடிக்கிறீர்கள். பாக்கெட் சேலம் ரவுட்டருக்குப் போகிறது, லிங்க்கைத் தாண்டி ஏற்காடு ரவுட்டருக்குப் போகிறது, அது 20.7-இடம் சேர்த்தும் விடுகிறது. 20.7 பதில் எழுதி 192.168.10.5 என்று முகவரி போட்டுத் தன் கேட்வேயிடம் கொடுக்கிறது. ஏற்காடு ரவுட்டர் தன் டேபிளைப் பார்க்கிறது. அதில் 192.168.10.0 என்ற வரியே கிடையாது, பதிலை அங்கேயே கீழே போட்டுவிடுகிறது. சேலத்தில் நீங்கள் "போகவே இல்லை" என்கிறீர்கள். உண்மையில் போய்ச் சேர்ந்தது, திரும்பத்தான் வரவில்லை.

திரையில் வரும் செய்தியைக் கவனமாகப் படித்தால் எந்தப் பக்கம் குறை என்று தெரிந்துவிடும். போகும் வழியே இல்லையென்றால் உங்கள் கேட்வே 192.168.10.1-இடமிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று பதில் வரும். திரும்பும் வழி இல்லையென்றால் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று மட்டும் வரும். ஏற்காடு ரவுட்டர் தன் புகாரை 20.7-இடம்தான் சொல்லும், ஏனென்றால் கீழே போட்ட பாக்கெட்டை எழுதியது 20.7. சேலத்துக்கு ஒன்றும் வராது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சேலம் ரவுட்டருக்குள் லாகின் செய்து, அங்கிருந்தே 20.7-க்கு பிங் அடித்துப் பாருங்கள். போய்விடும்! ரவுட்டர் தன் பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியாக 10.0.0.1 என்று போடுகிறது. 10.0.0.0/30 ஏற்காடு ரவுட்டருக்கு நேரடி இணைப்பு, அதனால் பதில் ஒழுங்காக வந்துவிடுகிறது. "ரவுட்டரிலிருந்து போகிறது, கணினியிலிருந்து போகவில்லை" என்று யாராவது சொன்னால், முதலில் எதிர்ப்பக்கத்து டேபிளைத் திறந்து பாருங்கள். ஏற்காட்டில் 'ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.0.0.1' போட்டதும் சரியாகிவிடும்.

இதற்குப் பிறகும் வரவில்லையென்றால் 20.7-இல் கேட்வே முகவரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பிங் மட்டும் தவறிப்போய் மற்ற மூன்றும் போகிறதே, கோளாறா?

இல்லை. முதல் பாக்கெட் வந்தபோது ரவுட்டருக்கு அடுத்த ஆளின் மேக் முகவரி தெரியாது. ஏஆர்பி கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த ஒரு பாக்கெட்டை விட்டுவிடும். மறுபடி அடித்தால் நாலும் வரும்.

ரவுட்டிங் லூப் என்கிறார்களே?

இரண்டு ரவுட்டரிலும் டிஃபால்ட் ரூட்டை ஒன்றையொன்று நோக்கிப் போட்டுவிட்டு, எங்குமே இல்லாத 172.20.5.5-க்கு டிரேசர்ட் (வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள். 192.168.10.1, 10.0.0.2, 10.0.0.1, 10.0.0.2, 10.0.0.1 என்று முப்பது வரி வரைக்கும் ஓடும். நீ போய்ச் சேர், இல்லை நீ போய்ச் சேர் என்று இருவரும் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இது முடிவில்லாமல் ஓடாமல் இருப்பதற்குத்தான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்ற எண் இருக்கிறது. விண்டோஸ் 128-இல் தொடங்கும், லினக்ஸ் 64-இல். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்குச் சேதி சொல்லும். டிரேசர்ட் இந்தச் சேதியைத்தான் உபயோகப்படுத்திக்கொள்கிறது: டிடிஎல் 1, 2, 3 என்று வேண்டுமென்றே சின்ன எண் போட்டு அனுப்பி, எந்தெந்த ரவுட்டர் சேதி சொல்கிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்கிறது. நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் அந்த ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்று மட்டும்தான் பொருள். அடுத்த வரியில் பதில் வந்திருந்தால் வழி நன்றாகவே இருக்கிறது.

கையால் ரூட் போடுவதே போதாதா? ரிப், ஓஎஸ்பிஎஃப் எல்லாம் எதற்கு?

இரண்டு ரவுட்டருக்குப் போதும். இப்போது உதாரணத்தில் குப்பனூரில் மூன்றாவது ரவுட்டர் ஒன்றை வைத்து முக்கோணமாக்குங்கள். சேலம், ஏற்காடு நேர் லிங்க் 2 எம்பிபிஎஸ். சேலம், குப்பனூர் 100 எம்பிபிஎஸ். குப்பனூர், ஏற்காடு 100 எம்பிபிஎஸ். நேர் லிங்க் அறுந்தால் கையால் போட்ட ரூட்டை யாராவது ராத்திரியில் எழுந்து மாற்ற வேண்டும். இருபது ரவுட்டர் என்றால் யோசித்துப் பாருங்கள். ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியை மாற்றிக்கொள்வதற்குத்தான் இந்தப் புரோட்டோகால்கள்.

ரிப் எத்தனை ரவுட்டர் தாண்டுகிறோம் என்பதை மட்டும் எண்ணும். ஆகவே 2 எம்பிபிஎஸ் நேர் வழியைத்தான் பிடிக்கும். 30 விநாடிக்கு ஒருமுறை தன் முழு டேபிளையும் பக்கத்து ரவுட்டரிடம் ஒப்பிக்கும். 15 தாவல் வரைதான், 16 என்றால் போக முடியாத இடம் என்று அதற்குக் கணக்கு. கற்பதற்கு நல்லது, புதிதாக யாரும் வேலையில் போடுவதில்லை.

ஓஎஸ்பிஎஃப் லிங்க்கின் வேகத்தைப் பார்க்கும். சிஸ்கோவில் 100 எம்பிபிஎஸ்ஸை லிங்க்கின் வேகத்தால் வகுத்தால் வருவது காஸ்ட். நேர் லிங்க்குக்கு 50. குப்பனூர் வழியில் 1, அதோடு 1, மொத்தம் 2. சுற்றி வந்தாலும் அதுதான் மலிவு, அதையே எடுக்கும். எல்லா ரவுட்டரும் ஒரே வரைபடத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, அதில் மிகக் குறைந்த காஸ்ட் வழியைக் கணக்கிடும். அந்தக் கணக்கு டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவுடையது. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா, பேப்பர் இல்லாமல் சுமார் இருபது நிமிடத்தில் அவர் யோசித்தது; 1959-இல் அச்சில் வந்தது. பேனா, பேப்பரோடு நீங்கள் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸை வைத்து வகுப்பதால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கும் 1, 1 ஜிபிபிஎஸ்ஸுக்கும் 1 என்றே வரும். இப்போதைய ஃபைபர் லிங்க்குகளில் அந்த அடிப்படை எண்ணை உயர்த்தி வைக்க வேண்டும், எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி.

சேலத்திலிருந்து ஏற்காட்டு நண்பனின் கணினிக்கு அனுப்புவது நேராக மலை ஏறுமா?

இருவரும் வேறு வேறு இன்டர்நெட் கம்பெனி என்றால் அநேகமாக ஏறாது. இரண்டு கம்பெனியும் எங்கே கைகோத்திருக்கின்றனவோ அங்கே போய்த்தான் மாறும். அது சென்னையாகவோ மும்பையாகவோ இருக்கலாம். இந்தியாவுக்குள் இப்படிக் கைமாற்றிக்கொள்வதற்காகவே 2003-இல் நிக்ஸி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதற்குச் சென்னையிலும் மையம் உண்டு. முப்பது கிலோமீட்டர் தூரத்து நண்பனுக்காகச் சென்னை போய் வருவது வீண் என்று தோன்றும். ஆனால் ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர், அதைக் கடக்க இரண்டு மில்லிசெகண்ட் கூட ஆகாது.

கம்பெனிகளுக்கு இடையே இந்த வழிகளைப் பேசித் தீர்ப்பது பிஜிபி. 1989-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் நடந்த ஒரு கூட்டத்தின்போது கர்க் லோகீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரண்டு இன்ஜினியர்கள் சாப்பாட்டு மேசையில் நாப்கினில் எழுதி உருவாக்கியது. அதில் தூரத்தைவிட யாரோடு என்ன ஒப்பந்தம் என்பதுதான் முக்கியம். இன்று முழு பிஜிபி டேபிளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபிவி4 (நாம் இதுவரை பார்த்த முகவரி முறை) ரூட்டுகள் இருக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும்) சர்வர்களுக்கான ரூட்டுகளை பிஜிபியிலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தபோது, வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் கிடைக்கவில்லை. சர்வர் இருந்தது, அதற்குப் போக வழி இல்லை.

ஆரம்பத்தில் பிஜிபிக்குள் இறங்க வேண்டாம். என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஏற்காட்டு ஹோம்ஸ்டேயில் கேமரா மாட்டி போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டேன். சேலத்திலிருந்து பார்க்க முடியவில்லை.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடுவது. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து அதன் வான் (வெளிப்பக்க) முகவரி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்கள் கம்பெனி உங்களைத் தன் நேட்டுக்குள் வைத்திருக்கிறது. பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. 10-இல் தொடங்கினாலும் இதே கதைதான். வெளியிலிருந்து வரும் பாக்கெட் கம்பெனியின் நேட்டிலேயே நின்றுவிடும், உங்கள் போர்ட் ஃபார்வர்டிங் வரை வராது. நீங்கள் போட்டதில் தவறில்லை.

கம்பெனியிடம் கேட்டு நிலையான பொது முகவரி வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். இல்லையென்றால் பொது முகவரி உள்ள சேலம் ஆபீசை நோக்கி ஏற்காட்டிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் டனல் போடுங்கள். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பைப் பொதுவாக யாரும் தடுக்க மாட்டார்கள், அந்த டனலுக்குள் மேலே படித்த அதே இரண்டு ரூட்டுகள்தான். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். கேமராவை இன்டர்நெட்டில் திறந்துவிடுவது ஆபத்து.

பழகுவதற்கு ரவுட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். மேலே சொன்ன சேலம், ஏற்காடு, குப்பனூர் மூன்றையும் அதில் கட்டிவிடலாம். கட்டியபின் வேண்டுமென்றே அதைக் கெடுத்துப் பாருங்கள்: மாஸ்க்கை மாற்றுங்கள், கேட்வேயை எடுங்கள், ஒரு பக்க ரூட்டை அழியுங்கள். ஒவ்வொரு முறையும் திரையில் என்ன செய்தி வருகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் எஃப்ஆர்ஆரவுட்டிங் என்ற இலவச ரவுட்டிங் மென்பொருள் போட்டு ஓஎஸ்பிஎஃப், பிஜிபி இரண்டையும் காசில்லாமல் பழகலாம்.

சிசிஎன்ஏ எழுதலாமா?

எழுதலாம். சிஸ்கோவின் இந்தச் சான்றிதழுக்கான 200-301 என்ற தேர்வில் ரவுட்டிங் ஒரு பெரிய பகுதி. ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன், தாளில் வரைந்த மூன்று ரவுட்டர் நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டைப் போகவும் வரவும் விரலால் தொட்டு நடத்திக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் பழகிவிட்டுக் கட்டுங்கள். கேள்விபதில் டம்ப் மனப்பாடம் செய்து பாஸ் செய்பவர்களுக்கு, இன்டர்வியூவில் டேபிளைக் காட்டி "இந்தப் பாக்கெட் எங்கே போகும்?" என்று கேட்டால் வாய் திறக்க வராது.

ஐபிவி6 இப்போதே படிக்க வேண்டுமா?

ஐபிவி4 டேபிளை வாசிக்க வந்தபிறகு படியுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஐபிவி6 உபயோகத்தில் இந்தியா உலகில் முன்வரிசையில் இருக்கிறது. உங்கள் போனில் இப்போதே அது ஓடிக்கொண்டிருக்கலாம். முகவரி 128 பிட், பதினாறின் எண்முறை, ஏஆர்பிக்குப் பதில் நெய்பர் டிஸ்கவரி. நீளமான பிரிஃபிக்ஸ் வெல்லும் விதி அப்படியே இருக்கிறது. டேபிளில் அடுத்த ஆளின் முகவரி எஃப்ஈ80 என்று தொடங்கினால் திகைக்க வேண்டாம். அது அந்த லிங்க்குக்குள் மட்டும் செல்லும் முகவரி, ஐபிவி6-இல் கேட்வே பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். அந்த முகவரி எல்லா லிங்க்கிலும் இருக்கலாம் என்பதால், கையால் ரூட் போடும்போது எந்த இன்டர்ஃபேஸ் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.